நீலக்கல் தோட்டத்தின் தரம் பிரித்த வீதி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எத்தனையோ வீதிகளைப் போட்டிருக்கிறான். அவையெல்லாம் பெரிய கல், சின்னக் கல், மணல், தார் என்று எந்த வேற்றுமையும் பாராமல் ஒன்றாகக் கொட்டிக் கிளறி, ரோலர் ஏற்றி நசுக்கிய வீதிகள். அவற்றை நாகரிகமானவை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கல்லின் தராதரமும் அறிந்து, அதற்கு உரிய இடம் கொடுத்துப் போடப்பட்ட வீதி உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்துச் சில வருஷங்கள் கழிந்தபின், பதுளைக்கு மேலே நீலக்கல் தோட்டத்தில் அது போடப்பட்டது. போட்டவர் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் நல்லையா.

நல்லையாவின் உயிர் தொழிற்சாலையின் சலிக்கும் அறையில் இருந்தது. காய்ந்த தேயிலை ஒரே குவியலாக அந்த அறைக்குள் போகும். வெளியே வரும்போது ஒவ்வொன்றும் தன் தரத்தோடு வரும். நீள இலை 'ஓ.பி.'. அதைவிடச் சிறியது 'பி.ஓ.பி.'. எந்தச் சல்லடைக்கும் அடங்காமல் பெரிதும் சிறிதும் நாருமாகக் கலந்து கிடக்கும் கடைசிக் குவியல் 'பி.எம்.'. கொழும்பு ஏலத்தில் அதைக் கடைசியாகத்தான் கேட்பார்கள், கேட்டால்.

"கலந்துச்சுன்னா தரம் போச்சு" என்று நல்லையா அடிக்கடி சொல்வார். வீட்டிலும் இந்தக் கொள்கையை விட்டுக்கொடுத்ததில்லை. தட்டில் சோறு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம் இருக்கவேண்டும். மகள் தவமணியைப் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்து, மருமகன் முதல் விருந்துக்கு வந்தபோது, அந்தப் பையன் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட்டான். "நல்ல குடும்பம், நல்ல வேலை, எல்லாம் சரிதான். ஆனா பிசையிறானே" என்று அன்று இரவு மனைவியிடம் வருத்தப்பட்டார்.

அந்தத் தவமணிதான் இப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரப்போகிறாள். நல்லையாவுக்குத் தூக்கம் போனதும் அதனால்தான். பெருந்தெருவிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பாதை முதலில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தொட்டு, பிறகு தொழிற்சாலையையும் உத்தியோகத்தர் குவார்ட்டஸ்களையும் தாண்டி, உச்சியில் தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவில் போய் முடியும். மழை பெய்தால் அதில் கொழுந்து லொறி மட்டும்தான் ஏறும், அதுவும் அதன் இஷ்டப்படி. பதுளையிலிருந்து வரும் அம்புலன்ஸ் பெருந்தெருவிலேயே நின்று ஹோர்ன் அடிக்கும். நோயாளி இறங்கிப் போகவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பை வேலைக்கங்காணி வீரய்யாவின் மனைவி இராக்கம்மா நன்றாக அறிவாள். அவளுடைய முதல் பிள்ளை கொழுந்து லொறியிலேயே பிறந்து, ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன் லொறியிலேயே போய்விட்டது. இப்போது மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள். தவமணிக்கு ஒரு மாதம் பின்னால்.

அரசாங்கத்திடமிருந்து வீதி போடக் கட்டளை வந்ததும் பெரிய துரை காரியாலயத்தில் கூட்டம் கூட்டினார். "யாருக்கு ரோட்டு வேலை தெரியும்?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் யாரையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கவில்லை. நல்லையா மட்டும் எழுந்து நின்றார். மகளின் வயிறு அவரை எழுப்பிவிட்டது என்று சொல்லலாம்.

"தேயிலையைப் பிரிக்கிற மனுஷனுக்குக் கல்லு பெரிய காரியமா? நீங்களே பாருங்க டீமேக்கர்" என்றார் துரை. நியமனம் ஏகமனதாக நிறைவேறியது.

தார்க் கலவை கொண்டுவரும் கொந்தராத்தைப் பதுளைக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்த லத்தீப் முதலாளி எடுத்தார். ஆற்றோரத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு கலவை இயந்திரம் இருந்தது. முதல் நாள், படங்குத் தார்ப்பாய் மூடிய லொறி புகைந்துகொண்டே மேலே வந்து, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துப் பக்கத்துச் சரிவில் கலவையைக் கொட்டியது. கொட்டிய வேகத்தில் பெரிய கற்களெல்லாம் உருண்டு குவியலின் அடிக்குப் போய்ச் சேர்ந்தன. பொடியும் தாரும் மேலே நின்றன.

லத்தீப் முதலாளி தலையில் கை வைத்தார். "ஐயோ, பிரிஞ்சி போகுது! சூடு ஆற முந்தி மம்பட்டியப் போட்டுக் கலக்குங்க, சுறுக்கா!"

வீரய்யாவின் ஆட்கள் மம்பட்டியை ஓங்கினார்கள்.

"நிறுத்து!" என்றார் நல்லையா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் சல்லடை வைத்துச் செய்த வேலையை, கற்கள் தாமாகவே செய்துகாட்டின. "முதலாளி, இதை யாரு பிரிச்சது?"

"யாரும் பிரிக்கல்ல ஐயா. உயரத்துல இருந்து கொட்டினா பெரிய கல்லு உருண்டுரும், பொடி நின்டுரும். அப்பிடியே போட்டா ரோடு நிக்காது. திருப்பி ஒண்டாக் கலக்கோணும்."

"தானாப் பிரிஞ்சு நிக்கிறதை நாம ஏன் கலக்கணும்?"

"பெரிய கல்லு நடுவுல பொடி போய் அடையோணும் ஐயா. அப்பத்தான் ஒண்டை ஒண்டு புடிச்சிக்கிட்டு இரிக்கும்."

"முதலாளி, பெரிசும் பொடியும் கலந்த தேயிலையை நான் குடுத்தா நீங்க முதல் தர விலைக்கு வாங்குவீங்களா?"

லத்தீப் முதலாளி வியாபாரி. நேர்மையாக யோசித்தார். "வாங்க மாட்டேன்."

"அப்ப ரோட்டை மட்டும் ஏன் கலந்து விக்கிறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதுளைக் கடைவீதி முழுவதும் தேடினாலும் பதில் கிடைத்திருக்காது. மேலும், கலந்தாலும் பிரித்தாலும் லொறிக்கணக்கு ஒன்றுதான் என்பது முதலாளிக்கு அப்போது நினைவுக்கு வந்தது. "சரி ஐயா, உங்கட தோட்டம், உங்கட ரோடு" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றார்.

அன்றிலிருந்து வேலை விஞ்ஞான முறையில் நடந்தது. ஒவ்வொரு லொறியும் சரிவின் உச்சியிலிருந்தே கொட்டியது. உருளத் தயங்கிய பெரிய கற்களை வீரய்யாவின் ஆட்கள் வறண்டியால் இழுத்து ஊக்கப்படுத்தினார்கள். அடியில் சேர்ந்த பெருங்கல் 'ஓ.பி.' என்று பெயர் பெற்றுப் பங்களா வீதிக்குப் போனது. மேலே நின்ற பொடி 'பி.ஓ.பி.' ஆகித் தொழிற்சாலைக்கும் குவார்ட்டஸ்களுக்கும் வந்தது. பிரித்து முடிவதற்குள் கலவை ஆறிக் கட்டியானது. வீரய்யா தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது, "தேயிலையையும் ஆறவிட்டுத்தான்டா சலிக்கிறோம்" என்றார் நல்லையா.

பங்களா வீதி கறுப்பு முத்துப் பதித்ததுபோல் இருந்தது. குவார்ட்டஸ் வீதி வழுவழுவென்று மின்னியது. நல்லையா மாலையில் தன் வாசல் வீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். அம்புலன்ஸ் அதில் மிதந்து வருவதும், தவமணி படியிறங்கி ஏறுவதும் அவர் மனக்கண்ணில் தெரிந்தன.

லயத்துப் பகுதி மட்டும் பாக்கி இருந்த நாளில், நமுனுகுல மலைப் பக்கமாக வானம் இருண்டது. கடைசி லொறிகள் வரிசையாக வந்து நின்றன. பிரிக்க நேரமில்லை.

"லயத்துக்கு என்ன தரமுங்க ஐயா?" என்று கேட்டான் வீரய்யா.

"பி.எம்." என்றார் நல்லையா. "கலந்தபடியே அள்ளிப் போடு. மழைக்கு முன்னாடி ரோலரை ஏத்திடு." கடைசித் தரத்துக்கு மேற்பார்வை தேவையில்லை என்பதால் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். லயத்து ஆண்களும் பெண்களும் புகை பறக்கும் கலவையைச் சூடு ஆறுமுன் பரப்பினார்கள். தாங்கள் நடக்கப்போகும் வீதி என்பதால் கொஞ்சம் ஆசையாகவே பரப்பினார்கள். முதல் துளி விழும்போது ரோலர் ஏறி முடிந்தது.

திறப்பு விழாவில் துரை ரிபனை வெட்டினார். நல்லையா பேசினார். "இந்த வீதியில ஒரு கல்லுகூட தன் தரத்தை மீறி நிக்கல்ல" என்று அவர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். லயத்து ஆட்கள் பின்னால் நின்று தட்டினார்கள்.

பருவமழை இந்த நாகரிகத்தைப் புரிந்துகொள்ளவில்லை. பங்களாவின் ஓ.பி. கற்களுக்கு நடுவே பொடி இல்லாததால் தண்ணீர் ஒவ்வொரு இடுக்காகப் புகுந்து, கற்களை ஒவ்வொன்றாக விடுவித்தது. அவை துரையின் காரின் அடியில் போய் அடித்தன. ஒன்று முன்விளக்கை உடைத்தது. கீழே பி.ஓ.பி. வீதி மழை விட்ட மத்தியான வெயிலில் தார் கசிந்து களியானது. அதில் கொழுந்து லொறி இரண்டு வாய்க்கால்களை வெட்டியது. மழை வந்து அந்த வாய்க்கால்களை நிரப்பியது. பிறகு அந்த வழியில் ஏறிய எந்தச் சக்கரமும் நின்ற இடத்திலேயே சுழன்றது.

துரை விளக்கம் கேட்டார்.

"தரமான கல்லு கொஞ்சம் சுதந்திரமாத்தான் இருக்கும் சேர்" என்றார் நல்லையா.

லயத்து வீதிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் அதில் சக்கரம் உருட்டினார்கள். பெண்கள் அதில் மிளகாய் காயவைத்தார்கள். இதை யாரும் துரையிடம் சொல்லவில்லை. லயத்துச் செய்தியை மேலே சொல்லும் வழக்கம் தோட்டத்தில் இல்லை.

தவமணிக்கு வலி எடுத்தது ஒரு பகல் வேளையில், மழை கொட்டும்போது. நல்லையா காரியாலய டெலிபோனில் பதுளைக்குப் பேசினார். அம்புலன்ஸ் வந்தது. பெருந்தெருவில் திரும்பி, லயத்து வீதியில் சிரமமில்லாமல் ஏறி, பி.எம். முடிந்து பி.ஓ.பி. தொடங்கும் இடத்தில் நின்றது. சாரதி மூன்று தடவை முயன்றான். மூன்று தடவையும் வண்டி வழுக்கிப் பின்னால் வந்தது.

"இதுக்கு மேல ஏறாது. ஆளைக் கொண்டாங்க!" என்று கத்திவிட்டு, வண்டியைத் திருப்ப இடம் தேடி லயத்து வீதியில் கீழே இறக்கினான்.

நல்லையா குவார்ட்டஸ் வாசலில் நின்று, தான் போட்ட வீதியைப் பார்த்தார். வீட்டுக்குள் தவமணி அலறினாள்.

வீரய்யா நாலு பேரோடு ஓடிவந்தான். கம்பளியை இரண்டு மூங்கிலில் கட்டி, தவமணியை அதில் படுக்கவைத்தார்கள். அந்தத் தாரில் கால் வழுக்கியபோதெல்லாம் ஒருவனை ஒருவன் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு இறங்கினார்கள். எட்டு மாத வயிற்றோடு இராக்கம்மாவும் பக்கத்தில் நடந்து, தவமணியின் முகத்தில் மழை விழாமல் படங்குத் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "பயப்படாதீங்கம்மா, இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு" என்று வழி முழுக்கச் சொன்னாள்.

கம்பளியோடு லயத்து வீதியை மிதித்ததும் நால்வரும் ஓடத் தொடங்கினார்கள். ஓட முடிந்தது. பின்னால் ஓடிய நல்லையாவின் காலடியில் ஒரு கல் அசையவில்லை. டீமேக்கர் அல்லவா, கவனித்தார்.

பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொன்னார். தோட்டத்துக்குத் திரும்பிய நல்லையா நேராக லயத்துக்குப் போய் வீரய்யாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மனம் நிறைந்து பிடித்தார், அதில் சந்தேகமில்லை. "வீரய்யா, என் பிள்ளையைக் காப்பாத்திட்ட. உனக்கு எது வேணும்னாலும் எங்கிட்ட கேளு."

"சரிங்க ஐயா" என்றான் வீரய்யா.

அம்புலன்ஸ் லயம் வரை ஏறிய செய்தி மட்டும் எப்படியோ பங்களாவுக்கு ஏறிவிட்டது. துரை குடை பிடித்துக்கொண்டு இறங்கி வந்து லயத்து வீதியைப் பார்த்தார். குதிகாலால் தட்டிப் பார்த்தார். காரியாலயத்தில் உடனே கூட்டம் கூடியது.

"லயத்துக்கு நல்ல ரோடு. எனக்குக் குழி. இது என்ன தரப் பிரிப்பு டீமேக்கர்?"

நல்லையாவுக்கு விடை தெரியும். ஓடிய கால்கள் அவருக்குச் சொல்லியிருந்தன. கலந்ததால்தான் சேர் நிற்கிறது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் முப்பது வருஷம் சலிக்கும் அறையில் நின்ற மனிதர், திறப்பு விழாவில் பேசியவர், எல்லோர் முன்னிலையிலும் அதை எப்படிச் சொல்வார்? தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"அனுப்புறப்ப தரம் மாறிப் போயிருக்கு சேர்" என்றார். "திருத்திரலாம்."

தீர்மானம் நிறைவேறியது. லயத்து வீதியைப் பெயர்த்தெடுத்து, சூடாக்கி, பங்களா வீதியில் போடுவது. வேலை, வழக்கம்போல, வீரய்யாவின் ஆட்களுக்கு.

வீரய்யா மம்பட்டியோடு குவார்ட்டஸ் வாசலுக்கு வந்தான். "ஐயா, எது வேணும்னாலும் கேளுன்னீங்க."

"கேளு வீரய்யா."

"இராக்கம்மாவுக்கு இதுதாங்க மாசம். அவ ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தப்புறம் ரோட்டை ஒடைக்கலாங்களா? அதுவரைக்கும் மட்டும் இருக்கட்டுங்க."

நல்லையா தன் பேத்தி அழும் சத்தம் வந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். "தொரையோட ஓர்டர்டா. நான் என்ன பண்ண முடியும்? சுறுக்காப் பெயர்த்துட்டா, சுறுக்கா மண்ணு கொட்டி சரிபண்ணிரலாம்."

வீரய்யா போய்ப் பெயர்த்தான். வீதி இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. அலவாங்கு போட்டுத்தான் கிளப்பவேண்டியிருந்தது. பெயர்ந்த கட்டிகளைத் தகரத்தில் போட்டுச் சூடாக்கினார்கள். நல்லையாவும் தம் கொள்கைக்குத் துரோகம் செய்யவில்லை. பங்களாவுக்குப் போகும் பொருள் என்பதால், அதைச் சரிவின் உச்சியிலிருந்து கொட்டி முறைப்படி பிரித்தார். அடுத்த மழையில் அதுவும் சுதந்திரமடைந்தது. லயத்துப் பகுதிக்கு வரவேண்டிய மண் வரவில்லை.

இராக்கம்மாவுக்கு வலி வந்த அன்றைக்கு நல்லையா தாமதிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். அவரே ஓடிப்போய் டெலிபோனில் பேசினார். அம்புலன்ஸும் வந்தது. பெருந்தெருவில் நின்று ஹோர்ன் அடித்தது. அதே கம்பளி, அதே மூங்கில், அதே நாலு பேர். பெயர்த்த வீதியின் குழிகளில் முழங்கால் வரை சேறு. இந்தத் தடவை யாராலும் ஓட முடியவில்லை. ஹோர்ன் சத்தம் கேட்கும் தூரத்தில், தேயிலைச் செடி ஓரத்தில், குழந்தை பிறந்தது. அழவில்லை. இராக்கம்மா பிழைத்தாள்.

மறுநாள் நல்லையாவின் குவார்ட்டஸில் பேத்தியைத் தொட்டிலில் போடும் விசேஷம். நாள் குறித்ததை மாற்ற முடியாது. துரைக்கும் உத்தியோகத்தர்களுக்கும் உள்ளே பீங்கான் கோப்பையில் பி.ஓ.பி. வாசலுக்கு வெளியே நின்ற லயத்து ஆட்களுக்குத் தகரக் குவளையில் வேறு தூள். லத்தீப் முதலாளியும் பதுளையிலிருந்து ஒரு பெட்டி மஸ்கெட் இனிப்போடு வந்து, துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பங்களா வீதியை மறுபடியும் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

வீரய்யா முற்றத்தில் வந்து நின்றான். நல்லையா வெளியே வந்தார். பணம் கேட்டால் கொடுப்பதற்குச் சட்டைப் பைக்குள் கையை விட்டிருந்தார்.

"ஐயா, எது வேணும்னாலும் கேளுன்னீங்க. தொழிற்சாலையில ஒரு தேயிலைப் பெட்டி வேணுங்க. புள்ளைக்கு."

நல்லையாவுக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது. தோளில் கிடந்த சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்க வீரய்யா, கேக்கணுமா? எடுத்துக்க" என்றார். வீரய்யா திரும்பி நடக்கத் தொடங்கியபோது, முப்பது வருஷப் பழக்கம் அவருடைய வாயைத் தானாகவே திறந்தது.

"வீரய்யா, பி.ஓ.பி. பெட்டியில கை வச்சிராத. அது கொழும்புக்குப் போறது. மூலையில பி.எம். பெட்டி கெடக்கும், அதுல ஒண்ண எடுத்துக்க."

"சரிங்க ஐயா" என்றான் வீரய்யா.

கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடியும் வந்தான். சின்னப் பெட்டியாக அடிப்பதற்குப் பிரித்த பலகைகளைத் தோளில் வைத்திருந்தான். ஒரு பலகையில் கறுப்பு மையால் பெரிய எழுத்தில் பி.எம். என்று அடித்திருந்தது. உள்ளே தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பலகையை மட்டும் இறக்கி, நல்லையாவுக்குத் தெரியும்படி பிடித்தான். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. வேலைக்கங்காணி டீமேக்கரிடம் வேலை விஷயம் கேட்கிற குரல்தான்.

"ஐயா, இந்த எழுத்து வெளிப்பக்கம் தெரியணுங்களா, இல்ல புள்ளை பக்கம் இருக்கட்டுங்களா?"